வெளிப்பூச்சுக்கு மட்டும்

அன்புள்ள ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையில் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன். எல்லிஸ் பீட்டர்ஸின் காட்ஃபேல் துப்பறியும் நாவல்களை நீங்கள் சொல்லித்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்த எழுத்தாளரும் மருந்துக்கடையில் நின்றவராமே? கல்லூரிக்கே போகாதவர் 800 வருஷத்துக்கு முந்தைய உலகத்தை எப்படி எழுதினார்? எனக்கும் எங்கள் ஏரியாவை வைத்து ஒரு துப்பறியும் கதை எழுத ஆசை. ஆனால் இங்கே ராஜா ராணி யாரும் இல்லையே.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மைதான். இயற்பெயர் ஈடித் பார்ஜெட்டர். 1913இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தார். பள்ளிப் படிப்போடு சரி. டாலி என்ற சிற்றூரில் மருந்துக்கடை உதவியாளர். போர்க்காலத்தில் கடற்படை மகளிர் பிரிவில் வேலை. மற்றபடி 1995இல் இறக்கும்வரை சொந்த மண்ணிலேயே இருந்தார். காட்ஃபேலின் முதல் நாவல் 1977இல் வந்தபோது 60 வயதைத் தாண்டியிருந்தார். அதன் பிறகு 1994க்குள் மொத்தம் 20 நாவல்கள்!

அந்த முதல் நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்டது 1138இல் நிஜமாகவே நடந்த ஒன்று: வேல்ஸிலிருந்து ஒரு புனிதையின் எலும்புகளை ஷ்ரூஸ்பரி மடத்துக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் அரியணைக்கு ஸ்டீபன் மன்னரும் மெட்டில்டா பேரரசியும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பார்ஜெட்டரோ மூலிகைத் தோட்டத்துத் துறவியான காட்ஃபேலின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

1980இல் வந்த ‘மங்க்ஸ்ஹுட்’ படித்தீர்களா? மூட்டுவலிக்குத் தேய்க்க காட்ஃபேல் செய்துவைத்த தைலம் ஒருவர் சாப்பாட்டில் கலக்கப்படுகிறது. நம் நாட்டுமருந்துக் கடையில் நாபி என்பார்களே, அந்த இனத்துச் செடிதான் மங்க்ஸ்ஹுட்; தைலம் அதிலிருந்து செய்தது. தேய்த்தால் மருந்து, விழுங்கினால் எமன். சாகக் கிடப்பவரைப் பார்த்ததுமே, இது தன் கை மருந்து என்று காட்ஃபேலுக்குப் புரிந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கடையை விட்டுப் போன பாட்டில் யார் கையில் போய்ச் சேருமோ என்ற பயம், கவுண்டரில் வருஷக்கணக்காக நின்றவருக்குத்தான் இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று தினமும் சொல்லிக் கொடுக்கிற உங்களுக்கும் அது தெரியும்.

ராஜா இல்லை என்று குறைப்படாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையை உங்கள் பகுதிப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி 1780களின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்தில், ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அங்கேதான். வால்டாக்ஸ் (மதில் வரி) ரோட்டின் பெயரில் இருக்கும் நகர மதிலும் அதற்குச் சில வருஷம் முன்பு எழுந்ததுதான். அதன் மிச்சம் இன்று பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறது.

அந்தக் கஞ்சி வரிசையில் நின்ற ஒருத்தி, வாங்கிக் குடித்த இடத்திலேயே சாகிறாள் என்று வையுங்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று வயிறு நிறைந்தாலும் செத்துப்போகும். எல்லோரும் அப்படித்தான் என்று பிணத்தைத் தூக்கிவிடுவார்கள். இல்லை, உதட்டைப் பாருங்கள் என்று சொல்ல அங்கே யார் இருந்திருப்பார்? ஒரு மருத்துவச்சி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்திரத்திலிருந்து மாடிப் பூங்கா வரை நடந்துவிட்டு வாருங்கள். பிறகு அவளை எழுதுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், உடனே படிக்கிறேன்.