குதிகால் வலிக்குக் காரணம் எலும்பு முள்தானா?

கேள்வி: எனக்கு 46 வயது. 14 வருடமாக ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை 9.30 முதல் இரவு 9 மணி வரை, சாப்பாட்டு நேரம் போக நின்றபடிதான். உயரம் 154 செ.மீ., எடை 68 கிலோ. நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடையைக் குறைக்கலாம் என்று ஐந்து மாதத்துக்கு முன்பு மொட்டை மாடியில் வெறுங்காலோடு தினமும் 45 நிமிடம் ‘எட்டு’ போட்டு நடக்க ஆரம்பித்தேன். இரண்டே மாதத்தில் வலது குதிகாலில் வலி வந்துவிட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணிமேல் வைத்ததுபோல் இருக்கிறது. பத்தடி நடந்தால் குறைகிறது. கடை மூடும் நேரத்தில் மறுபடி வருகிறது. எக்ஸ்-ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்றார்கள். யூரிக் ஆசிட் 6.1. ஆபரேஷன் செய்து முள்ளை எடுக்க வேண்டுமா? எருக்கிலை ஒத்தடம் கொடுக்கலாமா? நடையை விட்டுவிடவா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: முதலில் உங்களைப் பயமுறுத்தும் விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த முள்ளுக்காக ஆபரேஷன் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களை வரிசையாக நிறுத்தி எக்ஸ்-ரே எடுத்தால், ஒரு நாளும் குதிகால் வலிக்காத பலருக்கும் இதே முள் தெரியும். முள் இல்லாமலே வலியால் துடிப்பவர்களும் உண்டு. வருடக்கணக்கில் அந்த இடம் இழுபட்டதற்கான தழும்பு என்று அதை எடுத்துக்கொள்ளுங்கள். யூரிக் ஆசிட்டும் அப்படித்தான். ரத்தத்தில் அது 6.8-ஐ ஒட்டி ஏறினால்தான் படிகமாகி மூட்டில் படியத் தொடங்கும். அப்போதும் வழக்கமாகக் கால் கட்டைவிரல் மூட்டுதான் சிவந்து வீங்கும். குதிகாலின் அடியில் மட்டும், அதுவும் காலை முதல் அடியில் வரும் வலிக்கு 6.1-ஐக் குற்றம் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியிருப்பது ‘பிளான்டார் ஃபேசியைட்டிஸ்’ என்பதன் அச்சு அசலான வர்ணனை. ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். குதி எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர்வரை வில்லின் நாணைப்போல ஓடும் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது. அது எலும்போடு ஒட்டும் இடம், அதாவது குதிகாலின் உள்பக்க முன் ஓரம், தாங்கும் சக்திக்கு மேல் திரும்பத் திரும்ப இழுபட்டு நைந்துபோவதே இந்த நோய். இரவு முழுக்கப் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் அந்தப் பட்டை சுருங்கிய நிலையிலேயே இருக்கும். எழுந்ததும் முழு எடையோடு அதை ஒரே இழுப்பில் நீட்டுகிறீர்கள். அதனால்தான் முதல் அடி அப்படி வலிக்கிறது.

இது ஏன் உங்களுக்கு வந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் பேரை இது பிடிக்கிறது. வயதை மாற்ற முடியாது, மற்றதையெல்லாம் மாற்றலாம். 2003-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு மூன்று காரணங்களைக் காட்டியது: கணுக்கால் மேல்நோக்கி மடங்காமல் இறுகியிருப்பது, உடல் பருமன், வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பது. மூன்றிலும் மிக வலுவான தொடர்பு கணுக்கால் இறுக்கத்துக்குத்தான் இருந்தது. ஆனால் நம் ஆட்கள் செருப்பைப் பார்ப்பார்கள், எக்ஸ்-ரே பார்ப்பார்கள். கெண்டைக்காலை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

நீங்களே பார்த்துவிடலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி பாதத்தை நேராக வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் கெண்டைக்கால் சதை இறுகியிருக்கிறது. அப்படி இறுகிய காலில் ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் மடங்க வேண்டிய அளவு மடங்காது. அந்தக் குறையைப் பாதத்தின் வளைவு தட்டையாகி ஈடுகட்டும். அடிப்பட்டை கூடுதலாக இழுபடும். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும் அதிகபட்சத் தூரத்தை இரண்டு காலுக்கும் செ.மீ.யில் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எடைக்கு வருவோம். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஏறத்தாழ 28.7. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்றுதான் கணக்கு. இந்தச் சுமையோடு பதினொரு மணி நேரம் கல் தரையில் நிற்கிறீர்கள். இதையெல்லாம் 14 வருடமாகத் தாங்கிவந்த கால், ‘எட்டு’ நடையை ஏன் தாங்கவில்லை? நடை நல்லதுதான், ஆனால் அதைத் தொடங்கிய விதம் தவறு. ஏற்கெனவே எல்லைவரை சுமந்துகொண்டிருந்த பட்டைமேல், ஒரே நாளில் பூஜ்யத்திலிருந்து 45 நிமிடத்தை ஏற்றிவிட்டீர்கள். அதுவும் வெறுங்காலில், சிமென்ட் தளத்தில், நொடிக்கொரு திருப்பத்தோடு. நடுத்தர வயதில் எடை குறைக்க நடக்கத் தொடங்குகிறவர்கள் பலர் குதிகால் வலியோடு நிறுத்துவதற்குக் காரணம் இந்த அவசரம்தான். சர்க்கரையும் ஒரு கை கொடுக்கிறது. நாள்பட்ட சர்க்கரை இந்தப் பட்டையைத் தடிக்கவும் விறைக்கவும் வைக்கும்.

இனிச் செய்ய வேண்டியவை. காலையில் காலைத் தரையில் வைக்கும் முன்பே கட்டிலில் உட்கார்ந்து, வலது காலை இடது தொடைமேல் போடுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் வேரோடு பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். இடது கைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கம்பிபோல விறைத்து நிற்பது தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் இழுப்பு போதவில்லை. 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை. கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், இரவிலும் இதையே செய்யுங்கள்.

கெண்டைக்காலுக்கு: சுவரில் கை ஊன்றி வலது காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி, 30 விநாடி நில்லுங்கள். மூன்று முறை. பிறகு அதே முழங்காலைச் சற்று மடக்கி மூன்று முறை. பெரும்பாலோர் இதில் பின்னால் வைத்த பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அப்போது கணுக்கால் மடங்குவதற்குப் பதிலாக வளைவு சரிந்துவிடும். விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்கட்டும்.

நீட்டுவது மட்டும் போதாது. பட்டைக்குப் பலமும் ஏற வேண்டும். மாடிப்படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அவற்றை மேலே மடக்குங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். ஒற்றைக்காலில் 12 முறை, மூன்று சுற்று. முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். இரண்டு வாரம் கழித்துத் தோளில் புத்தகம் நிரப்பிய பையை மாட்டி 10 முறை, நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரத்தில் பை கனத்தைக் கூட்டி 8 முறை, ஐந்து சுற்று. செய்யும்போது ஓரளவு வலிக்கலாம். மறுநாள் காலை முதல் அடியின் வலி வழக்கத்தைவிட ஏறினால் கனத்தைக் குறையுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பலர் மூன்றாவது வாரத்திலேயே கைவிடுகிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காதீர்கள். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்கப் பயன்பட்ட எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் அடி கொண்டது) உங்களுக்கும் பொருந்தும். படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் செருப்புக்கு அனுமதி இல்லையென்றால், நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு கேளுங்கள். உட்கார நாற்காலியும் கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்ந்த 22-ஏ பிரிவின்படி, வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும். இது சலுகை இல்லை, உங்கள் உரிமை. மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே கால் வித்தியாசத்தை உணரும்.

எருக்கிலையைச் சூடான செங்கலில் வைத்து மிதிப்பது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரையால் பாத உணர்வு மங்கியிருந்தால் தோல் வெந்தபிறகுதான் தெரியும். அந்தப் புண் குதிகால் வலியைவிடப் பல மடங்கு ஆபத்து. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் பட்டை கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட சில நாள் சர்க்கரையும் ஏறும். முதல் மூன்று மாதத்தில் அதை நாடாதீர்கள்.

ஓய்விலும் நடு இரவிலும் வலித்தால், எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால், குதிகாலை இரு பக்கமும் அழுத்தும்போது எலும்பே வலித்தால், வீக்கமோ காய்ச்சலோ வந்தால் இது வேறு நோயாக இருக்கலாம். காத்திருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும்.

நடையை ஆறு வாரம் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் நிலையாக நிற்கும் சைக்கிளை மிதியுங்கள். எடைக் கணக்கும் கெடாது. முதல் அடியின் வலி பாதிக்குமேல் குறைந்ததும், மெத்தென்ற அடியுள்ள ஷூ போட்டுச் சமதரையில் 10 நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். வாரம் 5 நிமிடம் கூட்டினால் போதும். 45 நிமிடத்தைத் தொட எட்டாவது வாரம் ஆகிவிடும். ‘எட்டு’ போடுவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.