கட்டின கூலி விலையில ஏறாது, தம்பி

தம்பி, உங்க கேள்வியை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், இதே யோசனையில இருக்கிற மத்தவங்களுக்கும் ஆகும். அமெரிக்காவுல ஆரிகனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, எச்-1பி விசா, விமானம் ஓட்டப் பழகிட்டிருக்கீங்க. அங்க ஒரு பெரியவர், கிட், அதாவது விமானப் பாகங்களோட தொகுப்பு, வாங்கி எட்டு வருசமா ரிவிட் அடிச்சுத் தானே கட்டின ஆர்வி-6ஏ-ங்கற சின்ன விமானத்தை 1,20,000 டாலருக்குத் தர்றேங்கிறார். "அதே தொகைக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கோ, கவலையே இல்லை"ங்கிறார். விலையும் யோசனையும் சரியான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டும் சரியில்லை. ஆனா விலைக்கு முன்னாடி விசா. அமெரிக்காவுல விமானத்தைத் தன் பேர்ல பதியணும்னா குடியுரிமையோ கிரீன் கார்டோ வேணும். எச்-1பி-ல இருந்துக்கிட்டு நேரடியா பதிய முடியாது. ஒரு டிரஸ்ட் பேர்ல பதிஞ்சு நீங்க ஓட்டற மாதிரி ஒரு சுத்து வழி இருக்கு. அதுக்கு வக்கீல் செலவு, வருசா வருசம் கட்டணம். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னால இதைத் தெளிவாக் கேட்டு முடிச்சுக்கோங்க.

இப்ப விலை. பெரியவர் கணக்கு எனக்குப் புரியுது. கிட், இன்ஜின், புரொப்பெல்லர், ரேடியோ எல்லாத்துக்கும் ரசீது வச்சிருப்பார். அதுமேல ரெண்டாயிரம் மணி நேரத்துக்குக் கூலி போட்டிருப்பார். அந்தக் கூலிக்குச் சந்தையில விலையே கிடையாது. சட்டத்துலயே அது கூலி வேலை இல்லை: பாதிக்கு மேல வேலையைக் கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ கட்டறவங்க தாங்களே செஞ்சிருந்தாத்தான் அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ அதை அமெச்சூர் கட்டுமானம்னு ஏத்துக்கும். போட்ட பாகச் செலவு திரும்பி வந்தாலே அவர் சந்தோசப்படணும்.

விலையை நிர்ணயிக்கறது முதல்ல இன்ஜின். இந்த ரகத்துல வர்ற லைகாமிங் ஓ-320 இன்ஜின்னா ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுசாப் பிரிச்சுப் புதுப்பிக்கறதுக்கு, முன்னால 2,000 மணி நேரம்னு பொதுவாச் சொல்லுவாங்க. 300 மணி ஓடினதுக்கும் 1,700 மணி ஓடினதுக்கும் நடுவுல பெரிய தொகை இருக்கு. ஆனா மணி குறைவுன்னு மட்டும் மயங்கிடாதீங்க. வருசத்துக்குப் பத்து மணி ஓட்டிட்டு மூடி வச்ச இன்ஜின்ல உள்ள இருக்கிற கேம்ஷாஃப்ட்டுங்கற தண்டு துருப்பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட நிறைய ஓடி ஒழுங்காப் பராமரிச்ச இன்ஜினே மேல்.

அடுத்தது ஓட்டின மணியும் பராமரிப்பும் எழுதற லாக் புத்தகமும், கட்டும்போது எடுத்த போட்டோவும். பொள்ளாச்சிச் சந்தையில மாட்டுப் பல்லைப் பிடிச்சுப் பாக்கற இடம் இதுதான். இறக்கையை மூடறதுக்கு முன்னாடி உள்ள ரிவிட் வரிசை எப்படி இருந்துச்சு, யார் வந்து பாத்துட்டுப் போனாங்கன்னு தெரியணும். ஓட்டறவர் முன்னால பளபளன்னு புது ஸ்கிரீன் மாட்டியிருந்தா அதுக்கு ரொம்பக் கொடுக்காதீங்க, எலெக்ட்ரானிக்ஸ் சீக்கிரம் பழசாயிடும்.

வருசாந்திரச் சோதனையிலயும் ஒரு விசயம் இருக்கு. கட்டினவர் எஃப்ஏஏ-கிட்ட ரிப்பேர்மேன் சான்று வாங்கியிருந்தா அவரே சோதனை பண்ணிக் கையெழுத்துப் போட்டுக்கலாம். அந்தச் சான்று விமானத்தோட உங்களுக்கு வராது. நீங்க பெரும்பாலும் ஏ அண்ட் பி மெக்கானிக்குக்கு, அதாவது உரிமம் வாங்கின விமான மெக்கானிக்குக்கு, காசு கொடுக்கணும். அவருக்கு இல்லாத செலவு உங்களுக்கு இருக்குன்னா, பேரத்துல அதையும் வைங்க.

நல்லவேளை, இது ஆர்வி வரிசையைத் தயாரிக்கிற வான்ஸ் கம்பெனி கிட். அவங்க டிசைன்ல 11,000 விமானத்துக்கு மேல பறந்திருக்கு, அதனால ஒப்பிட்டுப் பாக்க ஆள் கிடைக்கும். 2023 டிசம்பர்ல அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு, கிட் விலையை ஏத்தி, அடுத்த வருசம் மீண்டு வந்துச்சு. பேர் தெரியாத கிட்டுன்னா நான் இவ்வளவு எழுதவே மாட்டேன். விளம்பரத்துல பாக்கறது கேக்கற விலை, வித்த விலை இல்லைங்கறதையும் மறந்துடாதீங்க. இன்ஜின் பாதி ஆயுள்ல இருந்தா 85,000-ஐ ஒட்டித்தான் நான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

இன்சூரன்ஸ்லதான் பெரியவர் உங்களைக் குழிக்குள்ள தள்றார், தெரியாமத்தான். அமெரிக்காவுல விமானத்துக்கு முன்கூட்டியே ஒத்துக்கிட்ட மதிப்புன்னு ஒரு தொகையைப் பாலிசியில எழுதிடுவாங்க. முழு நட்டம்னா சந்தை விலை என்னன்னு பாக்காம அந்தத் தொகையைக் கொடுப்பாங்க. அதனால அதிகமா எழுதினா லாபம்னு தோணும். ஒரு பேச்சுக்கு, 85,000 பெறுமானத்தை 1,20,000-க்கு எழுதறீங்க. முன்சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் தரையில அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கவேண்டி வந்து, ரிப்பேர் செலவு 80,000 ஆகுது. சரியான மதிப்பு எழுதியிருந்தா பணத்தைக் கொடுத்து முடிச்சிருப்பாங்க. இப்ப ரிப்பேர்தான் அவங்களுக்கு மலிவு. மாசக்கணக்குல காத்திருந்து, விபத்து வரலாறு ஒட்டின விமானம் உங்க கைக்கு வரும், விக்கறப்ப அடிவாங்கும். கூடுதல் பிரீமியம் வேற கட்டியிருப்பீங்க.

பிரீமியம் மிச்சம்னு 50,000-க்கு எழுதினா தலைகீழ். 40,000 செலவுல சரிபண்ணக்கூடியதை முழு நட்டம்னு சொல்லி, 50,000 கொடுத்துட்டு, உடைஞ்சதை அவங்க எடுத்துட்டுப் போய் வித்துக்குவாங்க. அதே ரகத்துல இன்னொண்ணை நாளைக்கே வாங்க என்ன ஆகுமோ அதை எழுதுங்க, ஒவ்வொரு புதுப்பிப்புலயும் திருத்துங்க. விலை விசாரிக்க ஒரே ஒரு புரோக்கர் போதும். நாலு பேர் ஒரே கம்பெனிகளைப் போய்த் தட்டினா குழப்பம்தான் மிஞ்சும். புதுசா ஓட்டறவங்கன்னா அந்த ரகத்துலயே பயிற்றுநரோட சில மணி நேரம் பறக்கணும்னு நிபந்தனை வரும்.

நான் இப்ப லீவுல கொழிஞ்சாம்பாறையில இருக்கேன். உங்கப்பா வேலந்தாவளத்துலருந்து பைக்லயே வந்துட்டார், தென்னந்தோப்புல ஒரு பகுதியை வித்துப் பணம் அனுப்பட்டுமான்னு கேக்க. ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்துல நாலு பேர் உக்கார்ற ஸ்லிங் ரக விமானத்தைக் கிட் வாங்கிக் கட்டி 2022-ல ஐரோப்பாவைச் சுத்தின சேதி அவருக்கு மனப்பாடம். "ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல ஆச்சாமே, அப்ப விலை அதுக்கு மேலதானே"ன்னார். "அது அவர் பண்ணின செலவுங்கய்யா, வாங்கறவங்க கொடுக்கற விலை இல்லைங்க"ன்னேன். ஊருக்குக் கொண்டு வந்து ஓட்டலாமான்னும் கேட்டார். மும்பையில மொட்டை மாடியில விமானம் கட்டின அமோல் யாதவுக்குப் பதிவு கிடைக்க 2017 வரைக்கும் ஆச்சுன்னு சொன்னேன். தோப்பை விக்கவேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

பெரியவர்கிட்ட இன்ஜின் லாக்கோட கடைசிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாங்குங்க. டிரஸ்ட் செலவு எவ்வளவுன்னும் தெரிஞ்சுக்கோங்க. அந்தச் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னா, அவரை ஹேங்கர்ல போய்ப் பாக்கறதையே தள்ளிப் போடுங்க.