காலை பலூன் தரவிலிருந்து மண் ஈரத்தின் பங்கைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: வானிலை அறிவியலில் முதுகலை படிக்கிறேன். சென்னை மீனம்பாக்கத்தில் பலூனில் கட்டிப் பறக்கவிடும் ரேடியோசோண்ட் என்ற அளவீட்டுக் கருவியின் தரவைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மண் ஈரமாக இருந்தால் மாலையில் இடிமழை கூடுமா என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மீனம்பாக்கத்தை வைத்து வேண்டாம். பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால், மாலை பலூன் அளப்பது கடல் அனுப்பிய காற்றைத்தான். ஹைதராபாத், நாக்பூர் போன்ற உள்நாட்டு நிலையங்களுக்கு மாறுங்கள்.

அடுத்து நேரம். பலூன்கள் வழக்கமாகக் காலை 5:30, மாலை 5:30 மணிக் கணக்கில் பறக்கின்றன. மண் காற்றை மும்முரமாகச் சூடாக்கும் நண்பகலில் அளவீடே இல்லை. அதனால் காலை அளவீட்டைத் தொடக்கமாக வைத்து, கலப்பு அடுக்கு (தரையின் சூட்டால் காற்று நன்றாகக் கலந்திருக்கும் கீழ் அடுக்கு) எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட வேண்டியதுதான். காலையில் நிலைவெப்பம் (அழுத்த வேறுபாட்டின் விளைவை நீக்கிக் கணக்கிடும் வெப்பநிலை) உயரே போகப் போகக் கிலோமீட்டருக்கு 5 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். காய்ந்த மண் சதுர மீட்டருக்கு 200 வாட் வீதம் 4 மணி நேரம் காற்றைச் சூடாக்கினால் அடுக்கு சுமார் 1 கிலோமீட்டர் வளரும். ஈர மண்ணில் வெப்பத்தின் பெரும்பகுதி நீராவியாக்கவே போய்விடும். 100 வாட்தான் மிச்சம் என்றால் சுமார் 720 மீட்டர். வெப்பம் பாதியானாலும் உயரம் பாதியாவதில்லை, கவனியுங்கள். (மேலிருந்து உள்ளிழுக்கப்படும் காற்றை இதில் சேர்க்கவில்லை.)

அடுக்கு குட்டையானால் ஈரம் அதற்குள் அடர்த்தியாகத் தேங்கும், மேகம் தாழ்வாகவே உருவாகும். உயர்ந்தால் வறண்ட மேல்காற்று கலந்துவிடும், ஆனால் மேலெழும் காற்றை அடக்கி வைத்திருக்கும் மூடி உடையவும் வாய்ப்புண்டு. இரண்டு வழியிலும் மழை வரலாம். எந்த வழி என்பதைக் காலைக் காற்றே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஃபிண்டெல், எல்தாஹிர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தரவை வைத்து இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிட 50, 150 ஹெக்டோபாஸ்கல் குறையும் உயரங்களில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றில் உள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசங்களைக் கூட்டுங்கள். 15 டிகிரிக்கு மேல் போனால் மண் எப்படியிருந்தாலும் மழை கடினம். 5-க்குக் கீழே என்றால் மண்ணைக் கேட்கவே வேண்டாம். இடைப்பட்ட நாட்களில்தான் உங்கள் ஆய்வுக்கு வேலை. அதே எல்லைகளைத் தக்காணத்துக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள். உங்கள் நிலையத் தரவில் சரிபார்த்து வையுங்கள்.

925, 850, 700 ஹெக்டோபாஸ்கல் என்ற கட்டாய மட்டங்கள் (எல்லா நிலையங்களும் தவறாமல் பதிவு செய்யும் அழுத்த மட்டங்கள்) மட்டும் உள்ள கோப்பு போதாது. முதல் இரண்டுக்கும் நடுவிலேயே 700 மீட்டருக்கு மேல் இடைவெளி. அடுக்கின் உச்சி அங்கே காணாமல் போகும். பலூன் நொடிக்கு 5 மீட்டர் ஏறுவதால் நொடிவாரித் தரவு கிடைத்தால் அருமை. அப்போதும் முதல் சில புள்ளிகளை நம்பாதீர்கள், கருவி அறைக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்கும்.

அப்புறம், ஈர மண்ணையும் மழையையும் நேரடியாகப் பொருத்திப் பார்த்தால் தொடர்பு எப்படியும் தெரியும். நேற்று பெய்த மழைதானே இன்றைய ஈரம்! ஒரே மாதிரிக் காலைக் காற்று இருந்த நாட்களை முதலில் தொகுத்து, அதற்குள் ஈர நாளையும் காய்ந்த நாளையும் ஒப்பிடுங்கள். கணக்கு முறையைப் பழக ஓக்லஹோமாவின் லேமாண்ட் தரவு நல்லது. அமெரிக்க எரிசக்தித் துறையின் அந்த நிலையத்தில் நண்பகலை ஒட்டியும் பலூன் விட்டிருக்கிறார்கள், உங்கள் கணிப்பை அங்கே நேராகச் சோதிக்கலாம்.