ஸ்ட்ரைக்கர் பிசினஸுக்கு 60,000 குடுக்கலாமா?

அக்கா, தம்பி கேரம் ஸ்ட்ரைக்கர் செஞ்சி விக்கிறதுக்கு 60,000 ரூபா கேக்குறான், குடுக்கலாமான்னு எழுதிருக்கீங்க. நேராவே சொல்லிடுறேன், 60,000 இப்ப குடுக்காதீங்க, ஆனா தம்பிய வேணாம்னும் தடுக்காதீங்க. பி.காம் படிச்சிகினே ராத்திரில ரெசின் (ஊத்துனா கெட்டியாவுற பிளாஸ்டிக் மாதிரி திரவம்) ஊத்தி கேரம் ஸ்ட்ரைக்கர் செஞ்சி பாக்குறான்னா அது பெரிய விஷயம். (ரெசின் ஊத்துறப்ப கிளவுஸ் போடச் சொல்லுங்க, ஜன்னல் தொறந்திருக்கட்டும்.)

நம்ம புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பைல 3 தங்கம் அடிச்சிச்சு, நம்ம ஏரியால கேரம் ஆடுறவங்களுக்கு பஞ்சமே இல்ல, அதான் அவனுக்கு அவ்ளோ நம்பிக்கை. ஆனா ஆடுறவங்க எத்தன பேருன்றது வேற, ஸ்ட்ரைக்கருக்குனு தனியா காசு எடுத்து வைக்கிறவங்க எத்தன பேருன்றது வேற.

ஃபிரண்ட்ஸ் எல்லாம் சூப்பர்னு சொன்னாங்கன்னு எழுதிருக்கீங்க, அத கணக்குலயே எடுத்துக்காதீங்க, மூஞ்சிக்கு நேரா யாரும் நல்லா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் அவன தெரியாத கேரம் கிளப்புக்கு போவட்டும். போனதும் தன்னோட சரக்க காட்டவே கூடாது. கடைசியா ஸ்ட்ரைக்கர் எப்ப வாங்குனீங்கண்ணா, எங்க, எவ்ளோ, பழச ஏன் மாத்துனீங்க, அவ்ளோதான் கேக்கணும், சொல்றத அப்டியே நோட்ல எழுதிக்கணும். பாதி பேரு 4 வருஷமா ஒரே ஸ்ட்ரைக்கர்தான்னு சொன்னாங்கன்னா மறுபடி மறுபடி வாங்க ஆள் வராதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

இன்னொன்னு, மேட்ச் ரூல்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல போவக்கூடாது, குறுக்களவு 4.13 செ.மீ. தாண்டக்கூடாது, மெட்டல்ல இருக்கக்கூடாது. ரெசினுக்கு உள்ள போட்டோ வச்சாலோ, காத்து குமிழி நின்னுச்சுனாலோ எடை ஒரு பக்கமா சாஞ்சிடும், ஓட்டம் கோணும், டோர்னமென்ட் ஆடுறவங்க தொடவே மாட்டாங்க. அதனால 5 பீஸ் நல்ல பிளேயருங்ககிட்ட சும்மா குடுத்து ரெண்டு வாரம் விட்டுடுங்க, அவங்க மேட்சுக்கு அதையே எடுத்துட்டு போறாங்களானு மட்டும் பாக்கட்டும்.

அவங்க எடுக்கலன்னாலும் கதை முடியல, பேரு போட்ட ஸ்ட்ரைக்கர பர்த்டே கிஃப்ட்டா வாங்குறவங்க வேற கூட்டம். அங்க விலைய சொல்லி முழுக் காச ஜிபேல முன்னாடியே வாங்கட்டும். நல்லாருக்கு அப்பறம் சொல்றேன்றவங்கள எண்ணவே வேணாம். விலை போடுறப்ப அவன் தேய்க்கிற நேரத்துக்கும் கூலி சேக்கணும், பசங்க இதத்தான் எப்பவும் மறக்குறாங்க.

இதுக்கு 3,000 போதும், செமஸ்டர் முடிஞ்சி ஒரு மாசம். சொந்தக்காரங்க, ஃபிரண்ட்ஸ் இல்லாம 20 பேரு அட்வான்ஸ் குடுத்தாங்கன்னா அந்த நோட்டோட அவன ஒரு சனிக்கிழம கூட்டிட்டு வாங்க, எந்த மிஷின் வாங்கலாம்னு சேந்தே பாப்போம்.