கடமையை யார் தீர்மானிப்பது? – கேள்வி பதில்

கேள்வி: காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் அறம் மாறுகிறது. அப்படியானால் கடமை அவரவர் மனசைப் பொறுத்ததுதானே, ஐயா?

பதில்: மாறியது அறமா, அறத்தைப் பற்றிய நம் எண்ணமா? அடிமை முறையில் தவறே இல்லை என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். அன்றைக்கும் அது கொடுமைதான் என்று தயங்காமல் சொல்வீர்களானால், கடமை மனசைப் பொறுத்தது என்பதை நீங்களே நம்பவில்லை.

ஆனால் எதிர்த்தரப்பையும் லேசாக எண்ண வேண்டாம். நமக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, 'இதைச் செய்' என்று கட்டளையிடும் ஒன்று உலகில் இருக்குமானால், அது வேறெதைப் போலவும் இல்லாத விசித்திர வஸ்துவாக இருக்கும் என்றார் தத்துவவாதி ஜே. எல். மேக்கி (1977). இதற்கு முழுத் திருப்தியான பதில் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

கேள்வி: கடவுள் கட்டளை என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்ததே?

பதில்: தீராது. நல்லது என்பதால் கட்டளையிட்டாரா, கட்டளையிட்டதால் நல்லதாயிற்றா? பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ் கிளப்பும் சந்தேகத்தின் இன்னொரு வடிவம் இது. இரண்டாவது என்றால், அதுவும் ஒருவருடைய விருப்பம்தான்.

கேள்வி: மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துதான் மருந்து கொடுத்தார். யாருக்கும் தெரியாத ஒவ்வாமையால் நோயாளி இறந்துவிட்டார். மருத்துவர் கடமை தவறினாரா?

பதில்: இல்லை. நடந்ததை மட்டும் வைத்தே கடமையை அளக்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியவன்தான். என்னை மாற்றியது தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் எடுத்தாண்ட சுரங்கப் புதிர். 10 தொழிலாளர்கள் இரண்டு சுரங்கங்களில் ஏதோ ஒன்றில் சிக்கியிருக்கிறார்கள். எதில் என்று தெரியாது. வெள்ளம் வருகிறது. ஒரு சுரங்கத்தை மட்டும் அடைக்க முடியும். சரியானதை அடைத்தால் அத்தனை பேரும் பிழைப்பார்கள். மாற்றி அடைத்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். எதையும் அடைக்காமல் விட்டால் வெள்ளம் பிரிந்து ஒருவர் மட்டும் சாவார். அடைக்காமல் விடுவது உள்ளபடிக்குச் சிறந்த வழியே அல்ல. அது நமக்கும் நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் செய்ய வேண்டியது அதுதான்! ஆக, கடமையை அளப்பது நடந்ததை வைத்து அல்ல, அப்போது கையில் இருக்கும் சான்றுகளை வைத்துத்தான்.

கேள்வி: அப்போது, அந்த மருத்துவர் நினைத்ததே கடமை என்று ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. அவர் கையில் இருந்த சான்றுகள் எதைக் காட்டின என்பது அவர் ஆசைப்படி மாறுமா? நோயாளியின் பழைய குறிப்புகளைப் புரட்டாமலே மருந்து கொடுத்திருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.