நாட்காட்டியால் விழும் துண்டு

கேள்வி: உணவுக்கென ஒதுக்கும் மாதத் தொகையை நான்காகப் பிரித்து வாரந்தோறும் செலவிட்டும், மாதக் கடைசியில் பணம் போதாமல் போவது ஏன்?

பதில்: 31 நாள் மாதத்தில் 4 வாரங்கள் போக 3 நாள்கள் மிஞ்சுகின்றன, நான்காகப் பிரித்த தொகையில் அந்நாள்களுக்குப் பங்கே இல்லை. எண்ணெய், உப்பு போன்று மாதம் முழுவதும் நீடிக்கும் பொருள்களின் விலையை முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதை மாதத்தின் நாள்களால் வகுத்து, வருவதை ஏழால் பெருக்கினால் கிடைப்பதே உங்கள் உண்மையான வாரத் தொகை. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாமல் (நானும் ஏமாந்ததுண்டு), விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்வரிசையில் வாடிக்கிடக்கும் காய்கறியும் செலவுக் கணக்கில் சேர்ந்ததுதான் என்பதால், கடைக்குக் கிளம்புமுன் அதைத் திறந்து பார்த்துவிட்டே பட்டியல் எழுதுங்கள்.