உங்கள் வார்டில் யார் நிற்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஊராட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்துவிட்டது. தலைவர் பதவிக்கு மூன்று பேர் நிற்கப்போகிறார்கள். ஒருவர் எல்லோருக்கும் பட்டா என்கிறார். இன்னொருவர் முதியோர் உதவித்தொகை வாங்கித்தருவதாகச் சொல்கிறார். மூன்றாமவர் குடிநீர், தெருவிளக்கு தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. "இவ்வளவுதானா?" என்று ஊரில் கேட்கிறார்கள். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலில் எதை வைத்து ஒப்பிடுவது?

கே.

அன்புள்ள கே.,

மூன்றாமவரை லேசாக விட்டுவிடாதீர்கள். பட்டா வருவாய்த்துறை வேலை. உதவித்தொகைக்கும் தாசில்தார் அலுவலகம்தான் போகவேண்டும். தலைவர் கூடவே வரலாம், சொல்லிப்பார்க்கலாம், ஆனால் கையெழுத்து அவருடையது அல்ல. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், ஊர்ச்சாலை, சுடுகாடு, இவைதான் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பு. அவர் தன் வேலையைத் தெரிந்து பேசுகிறார். எந்தத் தெருவுக்கு முதலில், எந்தப் பணத்தில் என்று அவரிடம் கேளுங்கள். வீட்டு வரி எவ்வளவு வசூலாகிறது, அரசிடமிருந்து வரும் நிதிக்குழு மானியம் எதற்குச் செலவாகிறது என்று சொல்லத் தெரிந்தால் நல்ல அறிகுறி.

சரி, தலைவரை மட்டும் ஒப்பிட்டால் போதுமா? எங்கள் ஊரில் ஒரு கோடையில் மேல்நிலைத் தொட்டி மோட்டார் எரிந்துபோனது. ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று வாரம் அடிபம்பு முன்னால் விடியற்காலை நான்கு மணிக்கே குடங்கள் வரிசையில் நின்றன. கழுத்தில் பெயின்டால் எழுதிய எழுத்தை வைத்துத்தான் யார் குடம் என்று தெரியும். என் அம்மா குடத்தை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

துணைத்தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சித் தேர்தலில் நமக்கு நான்கு ஓட்டு. அதில் வார்டு உறுப்பினர் ஓட்டைத்தான் பங்காளி, மாமன், மச்சான் என்று பார்த்துப் போட்டுவிடுகிறோம். அதுதான் நாளைக்குக் காசோலை வரைக்கும் போகிறது.

அப்புறம், கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, 2022இல் வந்த அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. இப்போது நிற்பவர்களில் யார் அங்கே வந்து உட்கார்ந்தார்கள், யார் எழுந்து வரவுசெலவு கேட்டார்கள் என்று ஊர்ப்பெண்களிடம் விசாரியுங்கள். வேலை உறுதித் திட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், கணவரிடம் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். வேட்பாளரிடமே கேளுங்கள்.

தலைவருக்கு நிற்கும் மூன்று பேரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வார்டில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.